ஆளில்லாத மதுரையைப் படம் பிடித்த கேப்டன்!

உங்க போன் கேலரியில மதுரைப் படங்களைத் தேடிப் பாருங்க. நாயக்கர் மஹால் தூணுக்கு முன்னாடி ஒரு செல்ஃபி, தெப்பக்குளத்துல சாயங்கால வெளிச்சத்துல ஒண்ணு, ஜிகர்தண்டா டம்ளர் ஒண்ணு, தூரத்துல கோபுரம் தெரியற மாதிரி இன்னொண்ணு. கேப்ஷன்? தூங்காநகரம், பக்கத்துல ஒரு ஹார்ட். அவ்வளவுதான்.

இப்போ அந்தப் படத்தை வெச்சு பத்து வரி எழுதச் சொன்னா என்ன எழுதுவீங்க? பிரமாண்டம், கண்கொள்ளாக் காட்சி, சொல்ல வார்த்தையே இல்லை. மூணாவது வரியிலேயே பேனா நின்னுடும். தூண் எந்த நிறத்துல இருந்தது, வெயில் எந்தப் பக்கத்துல இருந்து விழுந்துச்சு, தரை எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, திரும்பப் படத்தை ஜூம் பண்ணித்தான் பார்க்கணும். படம் எடுத்தோம், பார்க்கலை.

இதுக்கு நேர் எதிரான ஓர் ஆளைத்தான் இங்கே பார்க்கப் போறோம். ஒரு படம் எடுக்க நிமிஷக்கணக்கில் நின்றவர். அவர் எடுத்த மதுரைப் படங்களுக்குப் பக்கத்தில் எழுத்தும் வேண்டும் என்று அன்றைக்கே ஏற்பாடு செய்திருந்தார்கள். பெயர், கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். மதுரைக்காரங்களுக்குக் கேப்டன்னா வேற ஒருத்தர்தான் ஞாபகத்துக்கு வருவார். தெரியும். அவருக்கு நூறு வருஷம் முன்னாடி வந்த கேப்டன் இவர்.

ட்ரைப் பிறந்தது 1822-ல், இங்கிலாந்தின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில். லின்னேயஸ் என்ற பெயரைக் கேட்டதும் பயாலஜி பாடத்தில் வந்த ஸ்வீடன் தாவரவியல் அறிஞர் நினைவுக்கு வருகிறாரா? செடிகொடிகளுக்கு முறையாகப் பெயர் வைத்து வகை பிரித்தவர் அவர். நம்ம ஆளும் பின்னாளில் கோயில்களையும் கோட்டைகளையும் கிட்டத்தட்ட அதே பொறுமையோடு பெயர் எழுதி, வரிசைப்படுத்தித் தொகுத்தார். பெயர்ப் பொருத்தம் என்பது இதுதான் போல.

பதின்வயதிலேயே, 1838-ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்தில் சேர்ந்தார். மதராஸ் ராணுவத்தின் 12-வது காலாட்படையில் அதிகாரி. பத்துப் பதினோரு வருஷம் தென்னிந்தியாவில் வேலை பார்த்துவிட்டு, 1851-ல் நீண்ட விடுப்பில் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே அப்போ போட்டோகிராஃபி என்ற புது வித்தைதான் பேச்சு. 1853-ல் லண்டனில் புகைப்படக் கழகம் ஆரம்பித்தபோது அந்த வருஷமே அதில் உறுப்பினரானார். விடுப்பு முடிந்து 1854-ல் பெங்களூரு திரும்பியபோது கூடவே கேமராவும் வந்தது. அந்த டிசம்பரிலேயே ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் பிடித்தார். அடுத்த வருஷம் மதராஸில் நடந்த கண்காட்சியில் அவை பாராட்டுப் பெற்றன.

1855-ல் பர்மா மன்னர் மிண்டோனின் அரசவைக்குக் கம்பெனி ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. போர் முடிந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்த நேரம். அந்தக் குழுவோடு அதிகாரபூர்வப் புகைப்படக்காரராகப் போனார் ட்ரைப். படம் வரைய ஓர் ஓவியரும் கூட இருந்தார். பயணத்தை எழுதும் பொறுப்பு ஹென்றி யூலுக்கு. ஆங்கிலத்தில் கலந்துபோன இந்தியச் சொற்களுக்கு ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்ற அகராதியைப் பின்னாளில் தந்தாரே, அவரேதான். எழுதுகிறவர், வரைகிறவர், படம் எடுக்கிறவர் என மூணு பேரும் ஒரே இடத்தைப் பார்த்த பயணம் அது. ட்ரைப் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார்.

அதைப் பார்த்த மதராஸ் அரசு 1856-ல் அவரை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. வேலை என்ன? மாகாணத்தின் பழைய கட்டடங்கள் இடிந்து விழுவதற்குள் அவற்றைப் பதிவு செய்வது. 1857-ல் பெங்களூருவில் தனக்கென ஒரு கூடம் அமைத்துக்கொண்டார். அந்த வருஷம் வடக்கே சிப்பாய்களின் கிளர்ச்சி வெடித்தது. ஆனாலும் டிசம்பரில் இவர் மாட்டு வண்டிகளில் கேமரா, ரசாயனங்கள், காகிதங்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பிவிட்டார். இராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என அஞ்சு மாசம் ஓடியது பயணம். ரயில் மதுரைக்கு வருவதற்கு 17 வருஷம் முன்பு என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க. எல்லாம் வண்டிப்பாதைதான்.

ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம்?

ட்ரைப்பின் பெரிய படங்களுக்குக் காகிதம்தான் நெகட்டிவ். நல்ல காகிதத்தில் மெழுகைத் தேய்த்து ஊறவைத்து, வெள்ளி உப்பு பூசித் தயாரிக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்தாக வேண்டிய கண்ணாடி நெகட்டிவைவிட இது பயணத்துக்கு வசதி. முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். எடுத்த பிறகு உடனே கழுவ வேண்டிய அவசரமும் இல்லை. ஆனால், வெளிச்சத்தை மெதுவாகத்தான் வாங்கும். வெயிலிலேயே நிமிஷக்கணக்கு. இருட்டான மண்டபத்துக்குள் இன்னும் அதிகம்.

படம் பெரிதாக்கும் வசதியெல்லாம் கிடையாது. நெகட்டிவ் எந்த அளவோ, பிரின்ட் அதே அளவு. பத்துக்குப் பதினாலு அங்குலப் படம் வேணும்னா, அத்தனை பெரிய காகிதம் உள்ளே நுழையும் கேமரா வேணும். அதைத் தூக்கிக்கொண்டு ஆங்கிள் ஆங்கிளாக ஓட முடியாது. முதலில் நடந்து பார்க்கணும். எந்த நேரத்தில் நிழல் எங்கே விழுது என்று கவனிக்கணும். அப்புறம்தான் ஸ்டாண்டை ஊன்றணும். நம்ம போனில் ஒரே இடத்தில் 20 கிளிக். ட்ரைப் மதுரை வட்டாரத்தில் இருந்ததே 1858 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான். ஒவ்வொரு படமும் ஒரு முடிவு.

இந்த மெதுவான முறைக்கு ஒரு விநோதமான பக்கவிளைவு உண்டு. நடமாடுகிற எதுவும் படத்தில் பதியாது. மதுரையில் எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றில் ஆளே இல்லை. பூக்காரம்மா இல்லை, மாடு இல்லை, தேர் இழுக்கிற கூட்டம் இல்லை. யாராவது அசையாமல் நின்றால்தான் உண்டு.

மதுரை என்றாலே மனிதர்கள்தானே? மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியை எடுத்துக்கோங்க. பத்துப்பாட்டிலேயே நீளமானது, 782 அடி. பகல் கடைவீதி, அந்திக் கடைவீதி, ராத்திரிக் காவலர்கள், திருடர்கள், விடியலில் எழும் சத்தங்கள் என ஒரு நாள் முழுக்க ஊரின் மனிதர்களுக்குப் பின்னாலேயே போகும் பாட்டு அது. ட்ரைப்பின் மதுரையோ சத்தமே இல்லாத மதுரை. கல், நிழல், தண்ணீர், மரம். இது குறைதானேன்னு தோணும். வர்ணனை எழுதிப் பழக நினைக்கிறவங்களுக்கு இந்தக் குறைதான் வசதி என்பேன். கூட்டம் இருந்தால் கண் கூட்டத்தின் மேலேயே போகும். ஆள் இல்லாத படத்தில் கண் வேறு வழியில்லாமல் தரையை, தூணின் அடியை, விரிசலைப் பார்க்கும்.

அவர் பார்த்த மதுரை

புது மண்டபத்தில் அவர் எடுத்த படம் ஒன்று ரொம்பப் பிரபலம். மேற்கு முகப்பிலிருந்து தெற்குப் பக்க நடைபாதையைப் பார்க்கும் படம். மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்கு கோபுரத்துக்கு எதிரே, 17-ம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. நமக்கு அது தையல் மெஷின் சத்தமும் பாத்திரக் கடையும் புத்தகக் கட்டும் நிறைந்த இடமாகத்தான் பழக்கம். சில வருஷம் முன்னாடிதான் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினாங்க. ட்ரைப்பின் படத்தில் கல்தூண்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகின்றன. தூண்களின் இடைவெளியில் வெளிச்சம் வந்து விழுகிறது. அவ்வளவுதான் படம். ஆனால், இதைப் பார்த்த பிறகு அந்த மண்டபத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கலைநயம் மிக்க தூண்கள் என்று எழுதக் கை வராது. வெளிச்சம், இருட்டு, மறுபடி வெளிச்சம் என்று நடந்துபோகிற மாதிரிதான் வாக்கியம் வரும். முயற்சி பண்ணிப் பாருங்க.

பக்கத்திலேயே எழுகடல் தெருவில் முடிக்கப்படாமல் நிற்கும் ராயகோபுரம். கோபுரமாக எழும்பியிருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று எல்லாரும் அண்ணாந்துதான் பேசுவோம். ட்ரைப் கேமராவைக் கீழே இறக்கினார். உள்வாங்கிய முகப்பில் இருக்கும் தூண்களும், ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நிலைக்கால் ஒன்றின் அடிப்பகுதியும்தான் படம். இல்லாத கோபுரத்தைப் பற்றிப் பேசாமல், இருக்கிற அடிக்கல்லைக் காட்டியிருக்கிறார். எழுத்திலும் இதைச் செய்யலாம். பெரிய விஷயத்தின் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு அதை முழுசாகச் சொல்வது.

அப்புறம் விளக்குத்தூண். துணி எடுக்கப் போகும்போது அதைச் சுற்றித்தான் போயிருப்பீங்க. அந்தத் தூண் யாருக்காக வைத்தது தெரியுமா? ஜான் பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் நினைவாக. மதுரையைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை இடித்து, அகழியை மூடி, ஊரை வெளியே விரியவிட்டவர். இன்றைய வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் அப்போது பிறந்தவைதான். ட்ரைப் வந்தபோது அந்தத் தூண் கிட்டத்தட்டப் புதுசு. ஊரின் பெரிய அடையாளங்களோடு சேர்த்து அதையும் ஒரு தனிப் படமாக எடுத்திருக்கிறார். இன்றைய போர்டுகளும் வயர்களும் வண்டிகளும் இல்லாமல் அந்தத் தூணை மட்டும் பார்க்கிறபோது, தினமும் பார்த்த பொருளை முதல்முறையாகப் பார்க்கிற உணர்வு வரும்.

வைகையையும் எடுத்திருக்கிறார். ஆற்றின் குறுக்கே தரைப்பாதை, எதிர்க்கரையில் மதுரை. ஏ.வி. பாலம் வருவதற்கு முப்பது வருஷம் முந்தைய வைகை. ஊருக்கு வெளியே யானைமலையை அதன் முனைப் பக்கத்திலிருந்து எடுத்த படமும் உண்டு. ஒத்தக்கடை பக்கம் போகிற எல்லாரும் படுத்திருக்கும் யானை என்றுதான் சொல்வோம்; பக்கவாட்டில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். முனையிலிருந்து பார்க்கும்போது அந்த உவமை அவ்வளவு சுலபமாகக் கைகொடுக்காது. மொட்டைப் பாறையின் கனம்தான் முன்னால் நிற்கும். ரெடிமேட் உவமை உதவாத கோணத்தில் போய் நில்லுங்க, அப்போதான் சொந்த உவமை வரும்.

எனக்குப் பிடித்தது கோயில் நகைகளின் படம். மீனாட்சி அம்மன் கோயில் நகைகளைப் பரப்பிவைத்து எடுத்தது. ஆனால், பிரின்ட்டில் இருப்பது பழுப்பு நிறம் மட்டும். தங்கம் மின்னாது, சிவப்புக்கல் சிவக்காது, முத்து வெளுக்காது. நகையை வர்ணிக்க நாம் வழக்கமாக நம்பியிருக்கும் ஜொலிப்பு, பளபளப்பு எல்லாம் இங்கே காலி. மிச்சம் இருப்பது வடிவம், கனம், கோத்த விதம். போனில் ஒரு நல்ல கலர் படத்தை மோனோவுக்கு மாற்றிவிட்டு எழுதிப் பாருங்களேன். நிறத்தை எழுதாமல் வேறு என்ன எழுதலாம் என்று மூளை தேடும்.

இவர் எடிட் பண்ணாத பரிசுத்தவான்னு நினைச்சுடாதீங்க. அந்தக் கால ரசாயனம் நீலநிறத்தை வேகமாக உறிஞ்சும். அதனால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகத்தான் வரும். ட்ரைப் நெகட்டிவின் மேல் நுணுக்கமாகச் சாயம் தீட்டி மேகத்தை வரவழைப்பார். மரங்களின் இலைத் திரட்சியையும் அப்படித் திருத்துவார். ஃபில்டர்தான், ஆனால் தூரிகையால் போட்டது. நமக்கும் அவருக்கும் வித்தியாசம், அவர் வானத்தைத்தான் திருத்தினார். கல் எப்படி இருந்ததோ அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. நாயக்கர் மஹால் அப்போ பெரும்பகுதி சிதைந்து கிடந்தது. 1860-களின் பிற்பகுதியில் கவர்னர் நேப்பியர் காலத்தில்தான் பழுதுபார்க்கும் வேலை தொடங்கியது. அதற்கு முந்தைய மஹால் எப்படி இருந்தது என்று தெரிய ட்ரைப்பின் படங்கள் வேண்டும்.

பக்கத்தில் எழுதியவர்கள்

படங்கள் பெங்களூருவில் பிரின்ட் ஆகி, அட்டையில் ஒட்டப்பட்டு, தொகுதி தொகுதியாக வெளியாயின. மதுரைக்கு மட்டும் நாலு பாகம். அரசு ஒரு காரியம் செய்தது. படங்களோடு விளக்கக் குறிப்புகளும் இருக்க வேண்டும் என்று, அந்தந்த ஊரை அறிந்தவர்களை எழுதச் சொன்னது. மதுரைக்கு எழுதியவர்களில் முக்கியமானவர் வில்லியம் ட்ரேசி. அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரியார். 1845 முதல் பசுமலையில் இயங்கிய கல்விக்கூடத்தை நடத்தியவர். இன்றைய மதுரை அமெரிக்கன் கல்லூரியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கூட்டணியைக் கவனிங்க. ட்ரைப் ஊருக்குப் புதுசு, சில வாரங்கள்தான் இருந்தார். ட்ரேசி சுமார் இருபது வருஷமாக இந்த மண்ணில் இருந்தவர். புதுக்கண் பார்த்ததற்குப் பழைய ஆள் சொல் தந்தார். பக்கத்திலேயே படம் இருக்கும்போது எழுதுகிறவருக்குச் சில சுமைகள் இறங்கிவிடும். தூண் உயரமானது என்று சொல்ல வேண்டாம், தெரிகிறது. அந்த இடத்தை யார், எதற்காகக் கட்டினார்கள், ஊர்க்காரர்கள் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அங்கே என்ன நடக்கும்? கேமராவுக்குள் போகாத விஷயங்கள் எழுத்தின் பங்குக்கு வந்தன. நாமும் ஒரு படத்தைப் போட்டு அதில் தெரிகிறதையே கேப்ஷனிலும் எழுதுகிறோம். சூரிய அஸ்தமனப் படத்துக்கு அழகான சூரிய அஸ்தமனம் என்று கேப்ஷன் எதுக்கு?

ஆனால், ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுத அழைக்கப்பட்டவர்கள் பாதிரியார்களும் அதிகாரிகளும். கோயிலின் ஸ்தானீகரையோ சிற்பியின் பரம்பரையில் வந்தவரையோ எழுதச் சொல்லவில்லை. படத்தில் ஆள் இல்லாததற்குக் காரணம் ரசாயனம். குறிப்புகளில் உள்ளூர்க்காரரின் குரல் இல்லாததற்கு ரசாயனத்தைக் குறைசொல்ல முடியாது.

தஞ்சாவூரில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். அந்தத் தொகுதிக்குக் குறிப்பு எழுதியவர் உங்களுக்கு நல்லாவே தெரிந்தவர். ஜி.யு.போப். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளை ட்ரைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 பிரின்ட்களை ஒட்டி ஒரே நீளப் படமாக ஆக்கினார். கிட்டத்தட்ட 19 அடி நீளம். இன்றைக்கு நாம் போனை இடமிருந்து வலமாக நகர்த்தி எடுக்கிற பனோரமாவின் தாத்தா. படிக்கத் தெரியாத எழுத்தை, ஓர் எழுத்து விடாமல் பதிவு செய்யணும் என்று நினைத்திருக்கிறார் பாருங்க.

அந்தக் காலத்தில் பெரிய கோயிலைக் கட்டியது ராஜராஜன் என்பதே பரவலாகத் தெரியாது. காடுவெட்டிச் சோழன் என்றும் கரிகாலன் என்றும் கேள்விப்பட்டதை எழுதிக்கொண்டிருந்தார்கள். 1880-களின் பிற்பகுதியில் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் வந்து கல்வெட்டுகளை முறையாகப் படித்த பிறகுதான் ராஜராஜனின் பெயர் உறுதியானது. அந்த விமானத்தின் கல்வெட்டு வரிகளோ 1858-லேயே 19 அடி நீளத்துக்குப் படத்தில் இருந்தன. எழுதியவர்களுக்குத் தெரியாத விஷயம் படத்துக்குள் முப்பது வருஷம் காத்திருந்தது.

இதனால்தான் வர்ணனை எழுதுகிறபோது நினைவையும் கேள்வியறிவையும் மட்டும் நம்பாமல் படத்தை முன்னால் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நினைவு நமக்குத் தெரிந்ததைத்தான் திருப்பித் தரும். படத்தில் நாம் கவனிக்காததும் இருக்கும்.

அரசு கையை விரித்த கதை

1858-ல் இந்த வேலை உச்சத்தில் இருந்தபோதே தலைக்கு மேலே எல்லாம் மாறிக்கொண்டிருந்தது. கிளர்ச்சிக்குப் பிறகு கம்பெனி ஆட்சி முடிந்து, அந்த நவம்பரில் இந்தியா பிரிட்டிஷ் அரசியின் ஆட்சிக்குள் போனது. கஜானா காலி. 1859-ல் மதராஸுக்கு சார்லஸ் ட்ரெவெல்யன் புதிய கவர்னராக வந்தார். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது நிவாரணத்தில் கஞ்சத்தனம் காட்டினார் என்று இன்றைக்கும் அந்த நாட்டு மக்கள் மறக்காத அதே ட்ரெவெல்யன்தான். புகைப்படப் பிரிவு அவர் கண்ணில் பட்டது. இது ஏழை அரசுக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று முடிவுகட்டி வேலையை நிறுத்தச் சொன்னார். ட்ரைப் கைவசம் இருந்த வேலையை முடித்துக்கொடுத்தார். 1860-ல் கூடம் மூடப்பட்டது.

பெங்களூருவில் ஆயிரக்கணக்கான பிரதிகளை வெயிலில் வைத்து, கழுவி, காயவைத்து, ஒட்டியது ட்ரைப் தனியாளாக இல்லை. உதவியாளர்கள் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் சி.ஐயாசாமி. ஆங்கிலப் பதிவுகளில் அவர் பெயரை ஒரு மாதிரி எழுதிவைத்திருக்கிறார்கள். ட்ரைப்பிடம் வேலை கற்று, பிறகு மதராஸ் தொழிற்கலைப் பள்ளியில் போட்டோகிராஃபி வேலையைத் தொடர்ந்தார். இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் முன்னோடி அந்தப் பள்ளி. அலுவலகத்தை மூடினாலும் வித்தை ஒரு தமிழர் கையில் தங்கியது.

ட்ரைப்புக்கு அப்போது வயது 38. அவ்வளவு பெரிய கேமராவோடு காடுமேடு சுற்றியவர், அதற்குப் பிறகு படம் எடுப்பதையே கிட்டத்தட்ட விட்டுவிட்டார். ராணுவ வேலைக்குத் திரும்பினார். பல வருஷம் கழித்து மறுபடி பர்மாவில் இருந்தபோது கொஞ்சம் படங்கள் எடுத்ததோடு சரி. 1870-களில் ஓய்வு பெற்று, பிறந்த டெவன்போர்ட்டுக்கே போய்ச் சேர்ந்தார். 1902-ல் இறந்தார். முழுமூச்சாகப் புகைப்படக்காரராக இருந்தது மொத்தமே ஆறு, ஏழு வருஷம்தான்.

அவர் படங்கள் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் ரொம்ப நாள் தூங்கின. 2014, 2015-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என மூன்று நகரங்களில் அவருக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடந்த பிறகு உலகம் மறுபடி அவரைப் பேசியது. இப்போ லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், வாஷிங்டன் தேசிய கலைக்கூடம் போன்றவற்றின் இணையதளங்களில் அவரை இலவசமாகப் பார்க்கலாம். தேடும்போது அந்தக் கால ஸ்பெல்லிங்கையும் போட்டுப் பாருங்க. மதுரையை மதுரா என்றும், திருமலை நாயக்கரைத் திருமுல் நாய்க் என்றும், வைகையை வைகே என்றும் எழுதிவைத்திருப்பார்கள்.

ஒரு படத்தை டவுன்லோட் பண்ணிக்கிட்டு அந்த இடத்துக்கே போங்க. வைகைப் படமே போதும். கோரிப்பாளையத்திலிருந்து ஏ.வி. பாலத்தில் நடந்து வந்து நடுவில் ஓரமாக நில்லுங்க. போனில் ட்ரைப்பின் ஆறு, முன்னால் உங்க ஆறு. அஞ்சு நிமிஷத்துக்கு போட்டோ எடுக்காதீங்க, சும்மா பாருங்க. அவர் நின்ற அளவு நேரம்தான். ஆகாயத்தாமரை எந்தக் கரையில் அதிகம், தண்ணீர் ஓடுதா தேங்குதா, எத்தனை பேர் துணி துவைக்கிறாங்க, உங்களுக்குப் பின்னால் போகிற பஸ் ஹாரனை எத்தனை தடவை அடிக்குது. அப்புறம் ஒரே ஒரு கிளிக். வீட்டுக்குப் போய் அதுக்கு எழுதுங்க, பத்து வரி. அவர் படத்தில் இல்லாத ஆட்களிலிருந்து ஆரம்பிக்கலாம்.